போர்வைத் தையலுக்கு முன் நூலா, பசையா?

பழம்புடவைகளை அடுக்கித் தைத்துப் போர்வையாக்கும் கலை சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் குடியேறி வாழும் நம்மவர்க்குப் புதியதன்று. இங்குள்ள தெலுங்கு மக்கள் அதனைப் 'பொந்த' என்பர். ஒட்டுப்போட்ட ஆடைக்கு வடமொழியில் 'கந்தா' என்று பெயர். நம் 'கந்தை'யும் வங்காளத்தின் 'காந்தா'த் தையலும் அச்சொல்லின் வழி வந்தனவே. திருப்பதியிலிருந்து பாகாலை, சித்தூர் வழியாகக் காட்பாடி செல்லும் வண்டிகளில், மார்கழிக் குளிரில் கைக்குழந்தையை இத்தகைய போர்வையால் சுற்றிக்கொண்டு ஏறும் தாய்மாரை இரயில்வே ஊழியனாகிய நான் அடிக்கடி காண்கிறேன்.

இப்போர்வை செவ்வையாக அமைவது தையலுக்கு முந்திய வேலையைப் பொறுத்தது. மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி மூன்றும் ஊசி ஓடும்போது நழுவலாகாது. நழுவினால் அடியில் சுருக்கம் விழும். அச்சுருக்கம் தையலோடு நிலைத்துவிடும், பிரித்தாலன்றி நீங்காது. ஆதலின் முதலில் தற்காலிகமாக அவற்றை இணைக்க வேண்டும். தையற்காரர் இதனைக் 'கச்சாத் தையல்' என்பர்.

நம் பாட்டிமார் கையாண்ட முறை நூல் முறையே. துணிகளைத் தரையில் விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி, சுமார் நான்கு அங்குல இடைவெளியில் நீண்ட தையல்கள் ஓட்டுவர். சாய நூல் கறைபடுத்தக்கூடும் என்பதால் வெள்ளை நூலே நன்று. ஆனால் இதற்குப் பல மணி நேரம் தரையில் குனிந்திருக்க வேண்டும். முழங்கால் வலியும் முதுகு வலியும் உடைய மூதாட்டியர் பலர் இதன் பொருட்டே இக்கலையைக் கைவிடுகின்றனர். அவர்களுக்குப் பசை துணை செய்யுமா என்பதே நாம் ஆராயவேண்டிய வினா.

துணிக்குப் பசையிடுதல் இவ்வட்டாரத்துக்கு அந்நியமன்று. நகரி, புத்தூர் நெசவாளர் பாவு நூலுக்குக் கஞ்சி ஊட்டுவதைப் பாருங்கள். தறியில் நூல் அறாமல் காப்பது அக்கஞ்சி. துணி நெய்து முடிந்து நீரில் அலசியதும் அது நீங்கிவிடும். வேலைக்கு வந்து, வேலை முடிந்ததும் விடைபெறுவதே நல்ல பசையின் இலக்கணம். போர்வைக்கும் இதுவே அளவுகோல்.

மைதாப் பசையும் அரிசிக் கஞ்சியும் செலவற்றவை, நீரில் கரைபவை. ஆயினும் துணியில் தங்கினால் கரப்பானையும் எலியையும் அழைத்துவரும். மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். பூச்சியைத் தடுக்கப் புத்தகம் கட்டுவோர் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு. குழந்தை வாய்வைக்கும் போர்வையில் அதனைச் சேர்க்கவே கூடாது.

பள்ளிப் பிள்ளைகளுக்கென விற்கும் வெள்ளைப் பசையுள் நீரில் கழுவிப்போகும் வகை உண்டு. தச்சர் பயன்படுத்தும் பசையோ எளிதில் நீங்காது. இரண்டும் வெண்மையாய் இருப்பதால் ஏமாறுதல் கூடாது. அடித்துணியை இழுத்து விரித்து, மற்ற அடுக்கைப் பாதி மடித்து, சிறு சிறு புள்ளிகளாகப் பசையிட்டு, நடுவிலிருந்து நீவி ஒட்டுக. பிறகு மறுபாதியையும் அவ்வாறே செய்க. மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் விரைவில் உலரும். இதனை மேசைமீதே செய்யலாம் என்பது முதியோர்க்குப் பெரிய நலம்.

மூன்றாவது, டப்பியிலிருந்து தெளிக்கும் பசை. வேலை விரைவில் முடியும். ஆனால் அபாயமும் மிகுதி. இவ்வகை டப்பிகள் பலவற்றில் பசையை உந்தித் தள்ளுவன புரோப்பேன், பியூட்டேன் போன்ற வாயுக்கள். நம் சமையல் வாயுவும் இவற்றாலானதே. இவை காற்றைவிடக் கனமானவை. தரையோரம் தேங்கி, அடுப்பும் ஊதுவத்தியும் உள்ள இடத்தை எட்டினால் தீப்பற்றும். சமையலும் உறக்கமும் ஓரறையில் நடக்கும் நம் குடியிருப்புகளில் இதனைத் தெளித்தல் தகாது. மொட்டைமாடியில், நெருப்பின்றி, குழந்தைகளை விலக்கி, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டே தெளிக்க வேண்டும். நிரந்தரமாக ஒட்டும் தெளிப்புப் பசையும் கடைகளில் உண்டு. துணிக்குரிய தற்காலிக வகைதானா என்று டப்பியில் படித்தறிந்து வாங்குக.

எந்தப் பசையாயினும் முதலில் துண்டுத்துணியில் ஒட்டி, உலர்த்தி, துவைத்துப் பார்த்தல் வேண்டும். சாயம் போகும் புடவைக்கும், பட்டுக்கும், சரிகைக்கும் பசை வேண்டா. துவைத்தாலன்றிப் பசை நீங்காது, துவைத்தாலோ அவை கெடும். மறைந்த அன்னையின் கூறைப்புடவை கறைபட்டால் அதற்கு ஈடாக எக்கடையிலும் வேறொன்று கிடைக்காது. அத்தகையவற்றுக்கு நூலே ஏற்றது.

பருத்திப் புடவைப் போர்வைக்கோ, குனிய இயலாத மூதாட்டியர் தயங்காது கழுவும் பசையைக் கொள்ளலாம். தைத்து முடித்ததும் நன்கு அலசி, வெயிலில் முற்றும் உலர்த்திய பின்னரே குழந்தைக்குப் போர்த்துக. வலிக்கு அஞ்சி ஊசியைக் கீழே வைத்த தாய்மார் அதனை மீண்டும் எடுப்பரேல், அதற்கு உதவிய சிறிதளவு பசையை முறையற்றதென்று யாரும் பழிக்க வேண்டுவதில்லை.