உள்ளம் குளிர்ந்ததும் உள்ளம் உறைந்ததும்

நேயர்களே, நெடுநாளின் பின் பிள்ளையைக் கண்ட தாய் 'கண் குளிரப் பார்த்தேன்' என்கிறாள். பசித்தவனுக்குச் சோறிட்டவரை 'உங்கள் வயிறு குளிரட்டும்' என்று வாழ்த்துகிறோம். மட்டக்களப்புக் கண்ணகி கோயில்களில் வைகாசியில் நிகழும் சடங்குக்குத் திருக்குளிர்த்தி என்றே பெயர். சினந்த தெய்வமும் குளிர வேண்டும் என்பது நம் வேண்டுதல். தமிழில் குளிர்ச்சி என்பது அன்பு, நிறைவு, அருள்.

ஆங்கிலத்தில் இது தலைகீழ். அவர்களுக்கு அன்பு வெதுவெதுப்பானது, அன்பில்லாதது குளிரானது. மொழிபெயர்ப்புப் பயிற்சி கொடுத்தால் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் ஆண்டுதோறும் 'வெப்பமான வரவேற்பு' என்று எழுதிக்கொண்டு வருவர். பத்திரிகைகளிலும் 'சூடான வரவேற்பு' இடைக்கிடை தலைகாட்டுவதுண்டு. வந்த விருந்தினர் என்ன பாடு பட்டாரோ!

இதிலே இலக்கணப் பிழை ஏதுமில்லை. பிழை வானிலையைச் சார்ந்தது. வெயிலில் வெந்தவன் நிழலைத் தேடுகிறான். பனியில் விறைத்தவன் அடுப்பைத் தேடுகிறான். தேடிய பொருள் நாளடைவில் அன்புக்குப் பெயராகி விடுகிறது. அரபு மொழியும் இவ்வகையில் நம் பக்கமே நிற்கிறது. மனத்துக்கு இனிய மக்களை அம்மொழி 'கண்ணின் குளிர்ச்சி' என்கிறது. அரபு கற்பிக்கும் நண்பரொருவர் இன்னொரு வழக்கையும் எனக்குச் சொன்னார். மகிழ்ச்சியான செய்தி கேட்டவர் 'இது என் நெஞ்சைப் பனிக்கட்டியாக்கியது' என்பாராம். பாலைவனத்தில் வளர்ந்த மொழியிலே பனிக்கட்டியை விடப் பெரிய இன்பம் எது?

இத்தகைய மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட எழுத்தாளர் குளிரும் மழையும் மிக்க நகரொன்றுக்குக் குடிபெயர்ந்தால் அவருடைய சொற்களுக்கு என்ன நேரும்? இந்தக் கேள்வியோடு சூடானின் தய்யிப் ஸாலிஹை இவ்வாரம் அணுகலாம்.

அவர் 1929 இல் வட சூடானில், நைல் நதியோரக் கிராமப் பகுதியொன்றிலே பிறந்தவர். கார்ட்டூமில் உயர்கல்வி பெற்றார். 1950களின் தொடக்கத்தில் இலண்டன் சென்று பி.பி.சி. அரபுச் சேவையில் சேர்ந்தார். பின்னர் அதன் நாடகப் பிரிவின் தலைவருமானார். நமது தமிழோசை ஒலித்த அதே புஷ் ஹவுஸிலிருந்துதான் அரபுச் சேவையும் நெடுங்காலம் ஒலித்தது. தமிழோசை 2017 இலும் அரபு வானொலி 2023 இலும் ஓய்ந்துவிட்டன.

கார்ட்டூம் எப்படிப்பட்ட நகர்? நீல நைலும் வெள்ளை நைலும் கூடும் இடம் அது. ஆனால் ஆற்றங்கரையை விட்டு அகன்றால் மணல்தான். மே மாதத்தில் பகல் வெப்பம் 40 பாகை செல்சியசுக்கு மேலே நிற்கும். மழை பெரும்பாலும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையில் மட்டும் பெய்கிறது. ஆண்டு முழுவதற்கும் 150 மில்லிமீற்றர் அளவே. அதற்கு முன்னோடியாக 'ஹபூப்' எனும் புழுதிப்புயல் மதிலைப்போல எழுந்து நகரை மூடும்.

இலண்டனிலோ ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீற்றர் மழை. இங்கு நேயர்கள் சற்று நிதானிக்க வேண்டும். வறண்ட பூமி என்று நாம் குறைசொல்லும் யாழ்ப்பாணத்தில் இதைப்போல இரண்டு மடங்கு பெய்கிறது! பின் ஏன் அதை மழை நகரம் என்கிறார்கள்? நம் மழை கொட்டித் தீர்த்துவிட்டு வெயிலுக்கு வழிவிடும். அங்கே பன்னிரண்டு மாதங்களிலும் சிணுங்கும் தூறல். அதைவிடக் கொடியது இருள். கார்ட்டூமில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணிநேரமே வேறுபாடு. இலண்டனில் மார்கழிப் பகல் எட்டு மணிநேரம்கூட நீடிப்பதில்லை. பாலை நிலத்தவரை வாட்டுவது மழையின் அளவன்று, சூரியன் காணாமற் போவதுதான் என்பது என் கருத்து. அக்காலத்து இலண்டனில் நிலக்கரிப் புகை வேறு. 1952 டிசெம்பரில் புகைமூட்டம் ஐந்து நாட்கள் நகரை மூடி, ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது.

அந்த இலண்டனில் இருந்துகொண்டு ஸாலிஹ் எழுதிய முதற் சிறுகதை எதைப் பற்றியது தெரியுமா? நீரோடை அருகே நிற்கும் ஒரு பேரீச்ச மரம்.

அவரது புகழ்பெற்ற நாவல் 1966 இல் வந்தது. அதன் பெயரைத் தமிழில் 'வடக்கே பெயரும் பருவம்' எனலாம். டெனிஸ் ஜோன்சன்-டேவிஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1969 இல் வெளியாயிற்று. நான் படித்ததும் அதையே. ஐரோப்பாவில் ஏழாண்டு படித்த ஓர் இளைஞன் தன் நைல் கிராமத்துக்கு மீள்வதோடு கதை ஆரம்பமாகிறது. உறவினர் சூழ்ந்து நிற்கையில், தனக்குள்ளே ஏதோ பனிக்கட்டியொன்று உருகுவதாக அவன் உணர்கிறான்.

பார்த்தீர்களா? நெஞ்சு பனிக்கட்டியானால் மகிழ்ச்சி என்று சொன்ன மொழியிலே, பனிக்கட்டி உருகுவது மகிழ்ச்சியாகிவிட்டது. அரபுச் சொல் இலண்டனில் நனைந்து, விறைத்து, பொருள் மாறி ஊர் திரும்பியிருக்கிறது. எழுத்தாளர் இதைத் திட்டமிட்டுச் செய்தார் என்று நான் வாதிடமாட்டேன். பல குளிர்காலங்களைக் கழித்தவரின் கைக்கு அந்த உவமை தானாகவே வந்திருக்கலாம்.

கதையின் மற்றொரு மாந்தன் முஸ்தபா ஸயீத். 1898 இல், ஆங்கிலேயர் சூடானைக் கைப்பற்றிய ஆண்டிலே, கார்ட்டூமில் பிறந்தவன். அறிவாளி, கத்தி போன்ற மூளை. கெய்ரோ வழியாக இலண்டன் சென்று பொருளியல் விரிவுரையாளனாகிறான். தன் அறையைச் சந்தனமும் சாம்பிராணியும் தந்தமும் தீக்கோழி இறகுமாக அலங்கரிக்கிறான். வருகின்ற பெண்களுக்குப் பாலைவனக் கதைகளைப் பொய்யும் புனைவுமாய் அளக்கிறான். அவர்கள் தேடி வந்தது வெயிலை. அவன் வெயிலை விற்றான். முடிவில் உறைபனி மூடிய பெப்ரவரி மாலையொன்றில் மனைவியைக் கொலை செய்து சிறை செல்கிறான்.

பின்பு அவன் நைல் கரையில் ஒதுங்கி வாழ்ந்த வீட்டிலும் பூட்டிய அறையொன்று இருக்கிறது. அதைத் திறந்து பார்த்தால் ஆங்கிலப் புத்தகங்கள். அரபில் ஒன்றேனும் இல்லை. அத்தோடு, குளிர்காய்வதற்கான ஆங்கிலேயக் கணப்பு ஒன்று! வேனிலில் மண்ணே கொதிக்கும் ஊரிலே கணப்பு எதற்கு? இலண்டனில் இருக்கும்போது சூடானை அறையாகக் கட்டியவன், சூடானுக்கு வந்து இலண்டனை அறையாகக் கட்டிக்கொண்டான். இடம்பெயர்ந்தவரின் மனநிலையை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய வேறொரு பொருளை நான் நாவல்களில் கண்டதில்லை.

ஆனால் ஊர் என்றால் அன்பு, அயல் என்றால் குளிர் என்று ஸாலிஹ் கோடு கிழித்துவிடவில்லை. முஸ்தபாவின் கைம்பெண் ஹுஸ்னாவை அவளது விருப்பத்துக்கு மாறாக ஒரு கிழவருக்கு மணமுடித்து வைப்பதும் அதே கிராமம்தான். அது இரு உயிர்களின் இழப்பில் முடிகிறது. பனிக்கட்டியை உருக்கிய வெயிலே ஒரு பெண்ணைச் சுட்டெரித்தது. பாலைவனத்தை லொறியிற் கடக்கும் அத்தியாயமொன்றும் உண்டு. பகலெல்லாம் சூரியன் பகைவன். இரவு வந்த பிறகே மனிதர் கூடி ஆடிப் பாடுகிறார்கள். அங்கே குளிர்ச்சி மறுபடியும் பழைய அரபுப் பொருளையே சென்றடைகிறது.

நம் தமிழுக்கும் இது நேர்ந்திருக்கிறது. முன்பனி, பின்பனி என்று பருவம் வகுத்த நமக்குப் பனி என்றால் புல் நுனியில் நிற்கும் துளி. 'கண் பனித்தது' என்றால் கண்ணீர். ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சென்ற நம்மவர் எழுத்தில் அதே சொல், வாசலை மூடி, சப்பாத்துக்குள் புகுந்து, வேலைக்குப் போகவிடாமல் மறிக்கும் வெண்குவியலாயிற்று. புலம்பெயர்ந்தோர் சிறுகதைகளைத் தொகுத்து எஸ்.பொ.வும் இந்திரா பார்த்தசாரதியும் 1994 இல் தந்த நூலின் பெயரே 'பனியும் பனையும்'. ஸாலிஹின் பேரீச்சையும் பனங்குடும்பத்து மரம்தானே!

இனி, அந்த நாவலின் தொடக்கத்தைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது? 'ஊராரைக் கண்டதும் உள்ளம் குளிர்ந்தேன்' என்றால் நல்ல தமிழ். ஆனால் கதை கெட்டுவிடும், அவன் குளிரை விட்டு வந்தவன். 'உள்ளம் சூடேறியது' என்றால் சண்டைக்குப் போகிறான் என்று எண்ணுவர். 'உருகுதல்' மட்டுமே கைகொடுக்கிறது. நம் அடியார்கள் அதை மெழுகுக்கும் நெய்க்கும் உரிய வினையாகக் கையாண்டனர். பனிக்கட்டியை அவர்கள் கண்டவரல்லர். 'உள்ளே உறைந்து கிடந்தது உருகிற்று' என்று நான் எழுதி வைத்திருக்கிறேன். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ குளிர்காலம் கழித்த நேயர் எவரேனும் இதைவிடப் பொருத்தமான சொல் வைத்திருந்தால் எழுதி அனுப்புங்கள்.