ஆளுநர் கையெழுத்தும் கரண்ட் அஃபேர்ஸும்

யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வின் பாடத்திட்டம் நடப்பு நிகழ்வுகளில்தான் தொடங்குகிறது. தேசிய, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த நடப்பு நிகழ்வுகள் என்று ஒரே ஒரு வரி. எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எத்தனை கேள்வி, எந்தத் துறையிலிருந்து என்று எதுவும் அதில் இல்லை. சொல்லாமல் விட்ட அந்த இடத்தில்தான் மாத இதழ்களும் டெலிகிராம் சேனல்களும் கோச்சிங் சென்டர் நோட்ஸும் குவிந்து கிடக்கின்றன. ஒரு வருடத்துக்கு ஆயிரக்கணக்கான ஒரு வரிச் செய்திகள். அவற்றை மனப்பாடம் செய்பவர்களின் உழைப்பைக் குறை சொல்ல முடியாது; ஆனால் அந்த உழைப்புக்கு ஏற்ற மதிப்பெண் வருவதில்லை.

காரணம் எளிது. செய்தி ஒரு பாடத்தைத் திறந்துவிடுகிறது. கேள்வி பெரும்பாலும் அந்தப் பாடத்திலிருந்து வருகிறது. பொதுவாகச் சொன்னால் இது நழுவிவிடும் என்பதால், தமிழ்நாட்டு வாசகர்கள் அனைவரும் காதில் கேட்ட ஒரு செய்தியையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்: சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களில் ஆளுநர் கையெழுத்திடாத விவகாரம்.

கதை சுருக்கமாக இது. தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் தரப்போவதில்லை என்று 2023 நவம்பர் 13 அன்று அப்போதைய ஆளுநர் ஆர்.என்.ரவி தெரிவித்தார். பெரும்பாலானவை பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம் பற்றியவை. மிகப் பழையது 2020-ல் நிறைவேறியது. அரசு ஏற்கெனவே உச்ச நீதிமன்றத்தை அணுகியிருந்தது. நவம்பர் 18 அன்று சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் போட்டு அந்தப் பத்தையும் மறுபடி நிறைவேற்றி அனுப்பியது. நவம்பர் 28 அன்று ஆளுநர் அவற்றைக் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு அனுப்பிவிட்டார். 2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு இது சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்து, பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றது. ஆளுநர் கையெழுத்திடாமலே அவை அந்த மாதமே அரசிதழில் சட்டங்களாக வெளியாயின.

ஒரு வரிச் செய்தி படிப்பவர் இங்கே நிறுத்திக்கொள்வார். தேர்வுக்கான படிப்பு இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் கையில் எடுக்க வேண்டியது அரசியலமைப்பின் பிரிவு 200. ஒரு மசோதா ஆளுநரிடம் வந்தால் அவர் ஒப்புதல் தரலாம், நிறுத்திவைக்கலாம், குடியரசுத் தலைவருக்காக ஒதுக்கிவைக்கலாம். இதோடு ஒட்டிக்கொண்டு இரண்டு வரம்புரைகள் (proviso) வருகின்றன. கேள்வி கேட்பவருக்குப் பிடித்த இடம் இந்த வரம்புரைகள்தான். முதலாவதின்படி, பண மசோதா தவிர மற்றவற்றை மறுபரிசீலனைக்காக ஆளுநர் 'இயன்ற அளவு விரைவில்' திருப்பி அனுப்பலாம். சட்டமன்றம் திருத்தியோ திருத்தாமலோ மறுபடி நிறைவேற்றினால் அவர் ஒப்புதலை நிறுத்திவைக்க முடியாது. இரண்டாவதின்படி, உயர் நீதிமன்றத்தின் அதிகாரத்தைக் குறைத்து, அரசியலமைப்பு அதற்குத் தந்த இடத்தையே ஆபத்துக்குள்ளாக்கும் மசோதாவைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பியே ஆகவேண்டும். இங்கே 'லாம்' இல்லை. 'அனுப்பலாம்', 'அனுப்ப வேண்டும்' என்ற இந்த வேறுபாட்டில் ஒரு கூற்றுக் கேள்வி நிச்சயம் ஒளிந்திருக்கும்.

அடுத்து பிரிவு 201. குடியரசுத் தலைவர் ஒதுக்கப்பட்ட மசோதாவைத் திருப்பி அனுப்பச் சொன்னால், சட்டமன்றம் ஆறு மாதத்துக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும். கவனியுங்கள், காலக்கெடு சட்டமன்றத்துக்கு மட்டும்தான். ஆறு மாதத்துக்குள் மறுபடி நிறைவேற்றி அனுப்பினாலும் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தே ஆகவேண்டும் என்று எங்கும் இல்லை. நாடாளுமன்ற மசோதாக்களுக்கான பிரிவு 111-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே இரண்டாம் முறை வந்தால் குடியரசுத் தலைவர் மறுக்க முடியாது. ஆக, நாடாளுமன்றம் இரண்டாம் முறை அனுப்பும் மசோதாவுக்கு இருக்கும் உறுதி, ஒதுக்கிவைக்கப்பட்ட மாநில மசோதாவுக்கு இல்லை. மூன்று பிரிவுகளையும் தனித்தனியாக எத்தனை முறை படித்தாலும் இது மண்டையில் ஏறாது. மூன்றையும் ஒரே தாளில் வரிசையாக எழுதினால் ஒரு முறையே போதும்.

இந்த இடத்தில் நம்மூர் உதாரணங்கள் இரண்டு தானாக வந்து உட்காரும். 2021 செப்டம்பரில் நிறைவேறிய நீட் விலக்கு மசோதா 2022 பிப்ரவரியில் திருப்பி அனுப்பப்பட்டு, அதே மாதம் மறுபடி நிறைவேறி, குடியரசுத் தலைவரிடம் போனது. ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரல் 4 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். இதற்கு நேர் எதிர் ஜல்லிக்கட்டு. 1960-ன் மத்திய விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு 2017-ல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது; 2023 மே மாதம் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு அதைச் செல்லும் என்றது. மத்தியச் சட்டத்தோடு முரண்படும் மாநிலச் சட்டம் குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு அந்த மாநிலத்தில் மட்டும் நிலைக்கலாம் என்பது பிரிவு 254(2). கல்வி 1976-ன் 42-வது திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்குப் போனது என்பதை இதோடு முடிச்சுப் போட்டால், பட்டியல்கள் பற்றிய அத்தியாயமும் சேர்ந்தே வந்துவிடும்.

சரி, ஏப்ரல் தீர்ப்புக்கு வருவோம். அது கெடுவும் விதித்தது. அமைச்சரவை ஆலோசனைப்படி நிறுத்திவைப்பதோ ஒதுக்கிவைப்பதோ ஆனால் ஒரு மாதம். ஆலோசனைக்கு மாறாக என்றால் மூன்று மாதம். மறுபடி நிறைவேறி வந்தால் ஒரு மாதம். குடியரசுத் தலைவருக்கு மூன்று மாதம். அந்த ஏப்ரலிலும் மே மாதத்திலும் வெளியான நோட்ஸ் அத்தனையிலும் இந்த எண்கள் அட்டவணை போட்டு அச்சாகியிருக்கும்.

பிறகு நடந்தது இது. 2025 மே மாதம் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு பிரிவு 143(1)-ன் கீழ் பதினான்கு கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். நவம்பர் 20 அன்று தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய் தலைமையிலான ஐந்து நீதிபதி அமர்வு பதில் சொன்னது. அரசியலமைப்பில் இல்லாத காலக்கெடுவை நீதிமன்றம் விதிக்க முடியாது. 'ஒப்புதல் தந்ததாகக் கருதுவது' என்பதற்கு அரசியலமைப்பில் இடமில்லை. பிரிவு 200-ன் கீழ் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் ஆளுநருக்குத் தன்விருப்பம் உண்டு. அதே சமயம், மசோதாவைத் திருப்பி அனுப்பாமல் வெறுமனே நிறுத்திவைக்கவும் முடியாது. காரணமில்லாமல் நீண்டகாலம் சும்மா இருந்தால், முடிவெடுக்கச் சொல்லும் அளவுக்கு மட்டும் நீதிமன்றம் தலையிடலாம்.

அதாவது, ஏப்ரல் நோட்ஸை மட்டும் படித்தவர் தப்பான விடையைத் தெளிவாக மனப்பாடம் செய்திருக்கிறார். ஒரு வரிச் செய்திகளில் உள்ள ஆபத்து இதுதான். அவை பழைய வரியைத் திருத்துவதில்லை. புதிய வரியைக் கீழே சேர்க்கின்றன. தீர்ப்பு, திட்டம், குறியீட்டெண் எதுவானாலும் குறிப்பின் ஓரத்தில் தேதி போடுங்கள். அடுத்து அதே விஷயம் செய்தியில் வந்தால் புதிய பக்கம் எடுக்காமல் பழைய பக்கத்துக்கே போய் எழுதுங்கள்.

இதில் வேடிக்கை ஒன்று. 2014 முதல்நிலைத் தேர்வில், ஆளுநரின் தன்விருப்ப அதிகாரங்கள் எவை என்று நான்கைக் கொடுத்துக் கேட்டார்கள்: குடியரசுத் தலைவர் ஆட்சிக்கு அறிக்கை அனுப்புவது, அமைச்சர்களை நியமிப்பது, சில மசோதாக்களைக் குடியரசுத் தலைவருக்காக ஒதுக்கிவைப்பது, அரசின் அலுவல் விதிகளை வகுப்பது. முதலாவதும் மூன்றாவதும் என்பது விடை. 2025 ஏப்ரல் முதல் நவம்பர் வரை அந்த மூன்றாவது ஆட்டம் கண்டு, பிறகு மறுபடி காலூன்றியது. பழைய வினாத்தாளைப் புதிய செய்தியோடு வைத்துப் படிப்பதன் லாபம் இப்படித்தான் கிடைக்கும். வினாத்தாள்கள் யுபிஎஸ்சி தளத்திலேயே இலவசமாக இருக்கின்றன.

பிரிவு 143-ஐயும் சும்மா விடக்கூடாது. குடியரசுத் தலைவர் பொது முக்கியத்துவம் வாய்ந்த ஒன்றைப் பற்றிக் கருத்துக் கேட்கலாம். 143(1)-ன் கீழ் வந்தால் உச்ச நீதிமன்றம் பதில் சொல்ல மறுக்கவும் செய்யலாம். அயோத்தி விவகாரத்தில் 1993-ல் அனுப்பிய கேள்விக்கு 1994-ல் அப்படித்தான் மறுத்தது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை முடக்க 1991-ல் கர்நாடகம் அவசரச் சட்டம் கொண்டுவந்தபோதும் இதே பிரிவின் கீழ்தான் கருத்துக் கேட்கப்பட்டது. அந்த அவசரச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்றது நீதிமன்றம். தான் ஏற்கெனவே தீர்த்த ஒன்றின் மேல் 143 வழியாக மேல்முறையீடுபோல உட்கார முடியாது என்றும் அப்போது சொன்னது. 2025-ல் தமிழ்நாடும் கேரளமும் தடையாக முன்வைத்த வாதம் அதுவே. ஒரு செய்தி உங்களை முப்பது வருடம் பின்னால் கொண்டுபோய்விட்டது பாருங்கள். முதன்மைத் தேர்வில் 250 மதிப்பெண் கொண்ட இரண்டாம் பொது அறிவுத் தாளுக்கு இந்த ஓட்டம்தான் சரக்கு.

அந்தத் தாளுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். 1988-ல் அறிக்கை தந்த சர்க்காரியா ஆணையம், 2010-ல் தந்த புஞ்சி ஆணையம் இரண்டும் ஆளுநர் பதவி பற்றி நிறையப் பேசியவை. மசோதாவில் ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றது புஞ்சி. காலக்கெடு வேண்டும் என்று எழுதுபவர் இதைச் சொல்லலாம். வேண்டாம் என்று எழுதுபவர், அரசியலமைப்பை வரைந்தவர்கள் சட்டமன்றத்துக்கு ஆறு மாதம் என்று எண்ணிக்கை போட்டவர்கள், ஆளுநருக்குப் போடாமல் விட்டது தற்செயல் இல்லை என்று சொல்லலாம். எந்தப் பக்கம் நின்றாலும் மறுபக்கத்தின் பலமான வாதத்துக்கு இரண்டு வரி ஒதுக்காத விடை பாதி விடைதான். தொலைக்காட்சி விவாதங்களைப் பார்த்து இந்தப் பழக்கம் வராது, அதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

எல்லாச் செய்திக்கும் இவ்வளவு தோண்டத் தேவையில்லை. ராம்சார் தலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் எத்தனை என்ற எண் அடிக்கடி மாறுகிறது. தேர்வுக்கு முந்தைய வாரம் ஒருமுறை சரிபார்த்தால் போதும். மாறாதவை வேறு: 1971 பிப்ரவரி 2 அன்று ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான ஒப்பந்தம், இந்தியாவின் முதல் தலங்களான சிலிகாவும் கேவலாதேவும், தமிழ்நாட்டின் முதல் தலமான கோடியக்கரை, ஆபத்தில் உள்ள தலங்களைப் பதியும் மான்ட்ரூ பதிவேடு. 2014-ல் கேட்டது இந்தப் பதிவேட்டில் ஒரு தலம் சேர்ந்தால் என்ன பொருள் என்பதைத்தான். ஹோர்முஸ் நீரிணை, பாபெல் மண்டெப் என்று செய்தியில் அடிபடும் இடங்களுக்கு வரைபடத்தைத் திறந்து, எந்த இரண்டு கடல், கரையில் எந்தெந்த நாடு என்று பார்த்தால் வேலை முடிந்தது.

டிஎன்பிஎஸ்சி கொஞ்சம் வேறு மாதிரி. யார், எங்கே, எந்த விருது என்ற நேரடிக் கேள்விகள் அங்கே கூடுதலாக வரும். குரூப் 4-ல் இருநூறு கேள்வியில் பொது அறிவுக்கு எழுபத்தைந்துதான் என்பதால் ஒவ்வொன்றும் கனமானது. மாத இதழ் அங்கே உதவும், தள்ளிவிட வேண்டாம். ஆனால் நடப்பு நிகழ்வுக்கு ஆசைப்பட்டுப் பள்ளிப் பாடப்புத்தகத்தை ஒதுக்குவது நட்டக் கணக்கு. தமிழ்வழியில் எழுதுபவர்கள் மசோதா, சட்டமுன்வடிவு, வரம்புரை போன்ற சொற்களைப் பாடப்புத்தகம் எப்படி எழுதுகிறதோ அப்படியே பழகிக்கொள்வது நல்லது. செய்தித்தாள் ஒன்று சொல்லும், வினாத்தாள் வேறொன்று சொல்லும்.

நேரக் கணக்கு வேண்டுமென்றால்: நாளிதழுக்கு ஒரு மணி நேரம் போதும். கட்சிச் சண்டை, குற்றச் செய்தி, தலைவர்களின் அன்றாட அறிக்கைகள் எல்லாவற்றையும் தாண்டிவிடலாம். நிற்க வேண்டியது தீர்ப்பு, மசோதா, ஆணைய அறிக்கை, சர்வதேச ஒப்பந்தம், புதிய உயிரினம், ரிசர்வ் வங்கி முடிவு போன்றவற்றில். அவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மாலையில் அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகக் குறிப்பு, பிஆர்எஸ் ஆய்வு அமைப்பின் மசோதாச் சுருக்கம், பாடப்புத்தகம் மூன்றையும் திறந்து அதே விஷயத்தைத் தேடுங்கள். மீதிச் செய்திகளை மாதக் கடைசியில் ஏதாவது ஒரு தொகுப்பில் பார்த்துக்கொள்ளலாம். ஒரே ஒரு தொகுப்பு. மூன்று வாங்கினால் மூன்றும் படிக்கப்படாது.