மீன் தொட்டியில் இறால் வளர்ப்போர் கவனத்திற்கு



கல்வி உதவி, மருத்துவ உதவி, ஜகாத் கணக்கு என்று வரும் இந்தப் பக்கத்தில் மீன் தொட்டிக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. கடந்த ஓராண்டில் வண்ண மீனும் வண்ண இறாலும் வளர்த்து விற்க வட்டியில்லாக் கடன் கேட்டு நம் அலுவலகத்திற்கு மூன்று குடும்பங்கள் வந்தன. ஒரு குடும்பத்திற்குக் கொடுத்தோம். தொட்டி வந்தது, நாற்பது சிவப்பு இறால் வந்தது. தொட்டி வெறுமையாகத் தெரிகிறதே என்று எட்டு கப்பியும் இரண்டு ஏஞ்சல் மீனும் அதே தொட்டிக்கு வந்தன. மூன்றாவது மாதம் அந்த வீட்டுப் பிள்ளை அலுவலகத்திற்கு வந்து, "மாமா, நாலு இறால்தான் மிச்சம் இருக்கு, குஞ்சு ஒண்ணுகூட இல்லை" என்று சொல்லிவிட்டு நின்றான்.

கடன் கொடுக்கும்போது இரண்டு ஜாமீன்தாரர் யார் என்று கேட்ட நாங்கள், இறாலை எதனோடு சேர்த்து வளர்க்கப்போகிறீர்கள் என்று கேட்கவில்லை. தவறில் எங்களுக்கும் பங்குண்டு. அதன்பிறகு இதுபற்றிப் படித்தும், அனுபவம் உள்ளவர்களிடம் விசாரித்தும், அலுவலகத்திலேயே ஒரு தொட்டி வைத்துப் பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் இந்த இறால் எது என்று சொல்லிவிடுகிறோம். கடைகளில் 'செர்ரி இறால்' என்று விற்கிறார்கள். தைவான், சீனா பக்கத்து ஓடைகளைச் சேர்ந்த நன்னீர் இறால் இது. காட்டில் இருப்பது மண் நிறம். தைவானில் தேர்ந்தெடுத்து வளர்த்து இந்தச் சிவப்பைக் கொண்டுவந்தார்கள். முழு வளர்ச்சியில் ஓர் அங்குலம், சற்றுக் கூடலாம். இறால் உண்பது பற்றி மத்ஹபுகளுக்கிடையே உள்ள பேச்சை யாரும் இங்கே எழுப்ப வேண்டாம். இந்த அளவு இறாலை எவரும் பிரியாணிக்குக் கேட்கப்போவதில்லை.

வளர்ப்பவர்களுக்கு இது பிடித்துப்போவதற்குக் காரணம், வீட்டுத் தொட்டியிலேயே பெருகும். கடல் இறாலுக்கும், நாம் பெரிதாக விரும்பி வாங்கும் நன்னீர் இறாலுக்கும்கூட, குஞ்சுப் பருவத்தில் உப்புத் தண்ணீர் வேண்டும். செர்ரி இறாலுக்கு அது தேவையில்லை. பெண் இறால் இருபது முப்பது முட்டைகளை வயிற்றுக்கு அடியில் ஒட்டவைத்துக்கொண்டு, சிறு கால்களால் விசிறிக்கொண்டே ஏறத்தாழ நான்கு வாரம் சுமக்கும். வெளிவரும் குஞ்சு இரண்டு மில்லிமீட்டர் நீளம். அச்சு அசலாகத் தாயின் உருவம். இரண்டு மூன்று மாதத்தில் அதுவும் முட்டை சுமக்கத் தொடங்கிவிடும்.

இதைக் கேட்டவுடன் எல்லோருக்கும் வருகிற எண்ணம், "இவ்வளவு வேகமாகப் பெருகுவதை மீன் எவ்வளவுதான் தின்னும்?" என்பது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துப் பெண் இறால், ஒன்றுக்கு இருபத்தைந்து குஞ்சு, மாதம் 250. தொட்டியில் ஐந்து சிறு மீன்கள். ஒவ்வொன்றும் நாளைக்குப் பத்துக் குஞ்சைப் பிடிக்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நாளைக்கு ஐம்பது. 250 குஞ்சும் ஐந்தே நாளில் தீர்ந்துவிடும். மீதி இருபத்தைந்து நாளும் அந்த மீன்கள் அடுத்த ஈட்டுக்காகக் காத்திருக்கும். பெருக்கத்தை நம்பி மீனோடு போட்டி போட முடியாது. குஞ்சு போகிற இடத்திற்கு மீனின் வாய் போக முடியாதபடி செய்வது ஒன்றுதான் வழி.

நம் ஊர் ஆற்றைப் பார்த்தாலே இது விளங்கும். மேக்கரை அடவிநயினார் அணையிலிருந்து இறங்கி வரும் அனுமன் நதியிலும், அது நிரப்பும் குளங்களிலும் விராலும் கெளுத்தியும் இருக்கின்றன; பொடி இறாலும் இருக்கிறது. கரையோரத்து வேர்களுக்குள், ஊறிக்கிடக்கும் இலைக் குவியலுக்குள், கல்லிடுக்கில், பாசிக்குள் இறால் இருக்கும். வெளியே வந்ததை மீன் தின்னும். அல்லாஹ் தின்பவனையும் படைத்தான், தின்னப்படுவதற்கு ஒளிந்துகொள்ளும் இடத்தையும் சேர்த்தே படைத்தான். கண்ணாடித் தொட்டியில் முதலாவதை நாம் வாங்கிப் போடுகிறோம். இரண்டாவதை மறந்துவிடுகிறோம்.

இதைச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. ரஷ்யாவைச் சேர்ந்த காஸே என்ற ஆய்வாளர் 1930களில், கண்ணுக்குத் தெரியாத இரண்டு நுண்ணுயிர்களைச் சோதனைக் குழாயில் விட்டுப் பார்த்தார். ஒன்று மற்றொன்றைத் தின்னக்கூடியது. குழாயில் தெளிந்த திரவம் மட்டும் இருந்தபோது, தின்பது எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட்டுக் கடைசியில் தானும் பட்டினியால் அழிந்தது. அடியில் வண்டல் இருந்தபோது சில அதற்குள் ஒளிந்துகொண்டன. தின்பது பட்டினியால் செத்தது, ஒளிந்தவை பெருகின. 1958இல் கலிபோர்னியாவில் ஹஃபேக்கர் என்பவர் ஆரஞ்சுப் பழங்களில் வாழும் சிற்றுண்ணிகளையும் அவற்றைத் தின்னும் உண்ணிகளையும் வைத்து இதையே பெரிதாகச் செய்தார். பழங்களுக்கு நடுவே ரப்பர் பந்துகளையும் வாசலின் தடுப்புகளையும் வைத்து வழியைச் சிக்கலாக்கிய பிறகுதான் இரண்டும் பல மாதம் சேர்ந்து நீடித்தன. அப்போதும் நிரந்தரமாக அல்ல.

இனி நடைமுறைக்கு வருவோம்.

மீனின் வாயைப் பார்த்து முடிவெடுங்கள். ஆஸ்கார், ஃப்ளவர் ஹார்ன், அரோவானா போன்றவை இருக்கும் தொட்டியில் இறாலைப் போடுவது இரை போடுவதுதான்; வேறு பெயர் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாம். ஆஸ்கார் ஓர் அடி வளரக்கூடிய மீன். ஏஞ்சல், கௌராமி, கோல்டு ஃபிஷ் ஆகியவையும் வளர்ந்தபின் பெரிய இறாலையே விழுங்கப் பார்க்கும். ஃபைட்டர் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒன்று சும்மா இருக்கும், இன்னொன்று கண்ணைக் குறிவைத்துக் கொத்தும். கப்பி, சிறு டெட்ரா வகைகள் பெரிய இறாலைத் தொடாது, ஆனால் குஞ்சை விடாது. "என் கப்பி சாது" என்று எங்களிடம் சொன்னவர்கள் எவரும் இரண்டு மில்லிமீட்டர் குஞ்சைக் கண்ணால் கண்டவர்கள் அல்ல.

தோல் உரிக்கும் நேரம்தான் இறாலுக்கு ஆபத்தான நேரம். வளர வளரப் பழைய ஓட்டைக் கழற்றிப்போடும். புது ஓடு இறுகும்வரை உடல் மெத்தென்றிருக்கும், எங்காவது பதுங்கியாக வேண்டும். பெண் இறால் தோல் உரித்ததும் ஆண் இறால்கள் தொட்டி முழுதும் பறந்து பறந்து அதைத் தேடும். அப்போதுதான் மீன் ஆண்களைப் பிடிக்கிறது. தொட்டியில் கிடக்கும் வெள்ளை ஓட்டைச் செத்த இறால் என்று எண்ணி எடுத்து எறிந்துவிடாதீர்கள்; அதிலுள்ள சுண்ணாம்புச் சத்துக்காக இறால்களே அதைத் தின்னும்.

ஒளிவிடத்திற்குப் பெரிய செலவு தேவையில்லை. ஜாவா பாசி என்று கடையில் கிடைப்பது மிக நல்லது. ஒரு கைப்பிடி வாங்கினால் சில மாதத்தில் தானே பரவும். தொட்டியின் மூன்றில் ஒரு பங்கையாவது அடர்த்தியாக அது நிரப்ப வேண்டும். அழகுக்காக மூலையில் ஒரு கொத்து வைப்பதால் பயனில்லை. குளத்து வேலம்பாசியும் உதவும். ஆனால் அதில் தும்பிப் புழு ஒட்டிக்கொண்டு வரும். மீனைவிட மோசமாக இறாலைத் தின்னும். வாளித் தண்ணீரில் சில நாள் போட்டு, பலமுறை அலசிப் பார்த்தபின் சேர்க்கவும். உடைந்த ஓட்டுத் துண்டுகளையும் கூழாங்கற்களையும் மீன் தலை நுழையாத இடுக்கு விட்டு அடுக்கலாம். எங்களுக்கு மிகவும் பலன் தந்தது, சிறு துளையுள்ள பிளாஸ்டிக் கூடை ஒன்றைக் கவிழ்த்துவைத்து அதற்குள் பாசியைத் திணித்தது. பார்க்க அழகாக இருக்காது. குஞ்சு மிஞ்சியது.

நாட்டு வாதாம் இலை நம் தெருக்களில் தாராளமாக உதிர்கிறது. மருந்து தெளிக்காத மரத்தின் காய்ந்த இலையைக் கழுவி ஒன்றிரண்டு போட்டால் குஞ்சுக்கு அதுவே கூரை, அதில் படரும் மெல்லிய வழவழப்பே உணவு.

வரிசை முக்கியம். தண்ணீரும் பாசியும் வடிகட்டியும் வைத்து நான்கைந்து வாரம் தொட்டியைச் சும்மா ஓடவிடுங்கள். பிறகு இறால் மட்டும். மூன்று நான்கு மாதம் கழித்துப் பல அளவில் குஞ்சுகள் தெரியத் தொடங்கிய பிறகே மீன், அதுவும் சிறிய வாய் உள்ளவை, நாலைந்து மட்டும். மீனுக்குத் தினமும் நேரத்தோடு உணவு கொடுங்கள். பசித்த மீன் நாள் முழுதும் பாசியைத் துழாவிக்கொண்டே இருக்கும். வடிகட்டி ஸ்பாஞ்ச் வகையாக இருக்கட்டும். மோட்டார் வகை, குஞ்சை உறிஞ்சிக்கொள்ளும்.

பேரூராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒருநாள் திறந்து வைத்தபின் ஊற்றவும். மலையிலிருந்து வரும் தண்ணீரில் பொதுவாகத் தாது உப்புகள் குறைவு, இறாலுக்கோ ஓடு கட்டச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். வெண்மையான கிளிஞ்சல் துண்டு ஒன்று தொட்டியில் கிடந்தால் நல்லது. சாரல் காலத்தில் நம் ஊர்த் தட்பவெப்பம் இந்த இறாலுக்கு மிகவும் ஒத்துப்போகும். சித்திரை வைகாசியில் தண்ணீர் முப்பது டிகிரியைத் தாண்டினால் சோர்ந்துவிடும், தொட்டியை வெயில் படாத உள்ளறைக்கு மாற்றிவிடுங்கள். மீனுக்கு நோய் என்று செம்பு கலந்த மருந்தை ஊற்றினால் மீன் பிழைக்கும், இறால் எல்லாம் செத்துப்போகும். கொசு மருந்து அடிப்பதும் அப்படித்தான். பூச்சிமருந்து அடித்த கீரையை வேகவைக்காமல் போடுவதும் அப்படித்தான்.

இறால் கூட்டம் நன்றாக இருக்கிறதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. இஷா தொழுகை முடிந்து வந்து, தொட்டி விளக்கை அணைத்துச் சற்றுநேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். இருட்டில் வெளியே வரும். பெரியவற்றை எண்ணாதீர்கள், சிறியவற்றைத் தேடுங்கள். இருபது பெரிய இறால் தெரிந்து, குஞ்சு ஒன்றுகூடத் தெரியாவிட்டால் அந்தக் கூட்டம் முடிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இவற்றின் ஆயுளே ஒன்று ஒன்றரை ஆண்டுதான். கடன் வாங்கிய அந்த வீட்டிலும் முதல் இரண்டு மாதம் "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்றே சொல்லிவந்தார்கள்.

விற்பனைக்காக வளர்க்க நினைப்பவர்களுக்கு எங்கள் கருத்து ஒன்றுதான்: மீனைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். நெல்லுக்கு நாற்றங்கால் தனியாக இருப்பதுபோல இறாலுக்கு ஒரு தொட்டி தனியாக இருக்கட்டும். பெருகியதில் வளர்ந்த சிலவற்றை எடுத்து, பாசி அடர்ந்த மீன் தொட்டியில் விட்டுக்கொள்ளலாம்; அங்கே குறைந்தாலும் மூலதனம் போகாது. இனி இந்தத் தொழிலுக்குக் கடன் கேட்பவர்களிடம் இந்தத் தனித்தொட்டியை முதலில் பார்ப்போம்.

இதில் மார்க்கம் சம்பந்தப்பட்ட ஒரு பக்கமும் இருக்கிறது. உயிர்களை அடைத்து வளர்ப்பது கூடுமா என்று கேட்பவர்களுக்கு உலமாக்கள் அபூ உமைர் (ரலி) அவர்களின் சிறு பறவை பற்றிய ஹதீஸைச் சுட்டுவார்கள். அந்தச் சிறுவர் பறவை வைத்து விளையாடியதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. அது இறந்தபோது அன்போடு விசாரிக்கவும் செய்தார்கள். கூடவே பூனையைக் கட்டிவைத்த பெண்ணைப் பற்றிய ஹதீஸும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. அவள் அதற்கு உணவும் தரவில்லை, தானே தேடித் தின்ன அவிழ்த்துவிடவும் இல்லை. மீன் இறாலைத் தின்பது மீனின் இயல்பு, அதன்மேல் குற்றமில்லை. ஓடி ஒளிய வழியில்லாத நான்கு கண்ணாடிச் சுவருக்குள் இரண்டையும் சேர்த்துப் போட்டது நம் கை. வேடிக்கைக்காக ஆஸ்கார் தொட்டியில் இறாலைக் கொட்டிப் படம் பிடிக்கும் பிள்ளைகளிடம் பெற்றோர் இதை எடுத்துச் சொல்லுங்கள். தேவைக்காக உயிருள்ள இரை கொடுப்பது பற்றிய சட்டத்தை இமாம் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும்.

வளர்க்க முடியாமல் போனால் மீனையோ இறாலையோ ஆற்றிலும் குளத்திலும் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். விடுதலை கொடுத்ததாக நினைத்துச் செய்கிறார்கள். ஜிலேபிக் கெண்டை வெளிநாட்டிலிருந்து வந்து இன்று எந்தக் குளத்திலும் இருக்கிறது. தொட்டி சுத்தம் செய்யும் 'சக்கர்' மீன் தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் பெருகிவிட்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பை அரசே தடை செய்திருக்கிறது. நம் மலையடிவாரத்து ஓடைகளில் இருக்கும் சிறு மீன்களும் இறால்களும் இவற்றைத் தாங்காது. வேண்டாதவற்றை அலுவலகத்திற்குக் கொண்டுவந்தால், வளர்க்க விரும்புபவர்களிடம் சேர்த்துவிடுவோம்.

அந்த நான்கு இறாலில் இரண்டு பெண். தனித் தொட்டிக்கு மாற்றி இப்போது ஏழு மாதம் ஆகிறது, அல்ஹம்துலில்லாஹ் அறுபதுக்குமேல் எண்ணினோம். கடன் தவணையை அந்தக் குடும்பத்திற்கு ஆறு மாதம் தள்ளிவைத்திருக்கிறோம். அலுவலகத் தொட்டியில் ஜாவா பாசி நிறைய வளர்ந்திருக்கிறது. வேண்டுபவர்கள் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு பாட்டிலோடு வந்து இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை அலுவலகம் விடுமுறை.