மின்சார ஜெக்கும் மலைப்பாதையும்

மனித பலத்துக்கு மிஞ்சிய பாரத்தை உபாயத்தால் உயர்த்துங் கலை மிகப் பழையது. திருகின் ஒவ்வொரு சுற்றிலும் பாரம் சிறிதளவே உயரும். அதனாலேயே சிறிய விசையும் பெரும் பாரத்தை வெல்கின்றது. 1851ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் வாழ்ந்த ரிச்சர்ட் டட்ஜன், திரவ அழுத்தத்தால் இயங்கும், கையிற் கொண்டு செல்லத்தக்க ஜெக்குக்கு ஆக்கவுரிமை பெற்றார். இன்று திருகைச் சுழற்றும் வேலையை ஒரு சிறு மின்மோட்டார் ஏற்றுக்கொண்டுள்ளது. வண்டியின் 12 வோல்ற் பற்றரியிலிருந்து 15 அம்பியர் மின்னோட்டம் பெறுங் கருவி 180 வாற்று வலுவைக் கொள்கின்றது. கைவலுக் குறைந்த முதியோருக்கும் நோயாளருக்கும் இது பெருந்துணையாகும்.

ஆயினும், பாரத்தை உயர்த்துவது வேறு. உயர்த்திய பாரம் நழுவாமற் காப்பது வேறு. முன்னதை மோட்டார் செய்யும். பின்னதைச் சாரதியே செய்தல் வேண்டும். தம்புள்ளைப் பக்கத்துச் சமநிலத்திற் சில்லு மாற்றுவோர் இவ்வேற்றுமையை உணராதிருக்கலாம். ரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டனுக்கு ஏறும் வளைந்த பாதையில் அதை உணராமல் இருத்தல் இயலாது.

ஆதலால், காற்றுப் போன டயருடனாயினும் வண்டியை மெல்லச் செலுத்தி, வளைவுக்கு அப்பால், இயன்றளவு சமமான இடத்தில் நிறுத்துக. கைத்தடையை இறுக்கிப் பிடித்தபின், உயர்த்தாத சில்லுகளுக்குக் கல்லோ கட்டையோ அணை கொடுக்க வேண்டும். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் பஞ்சரத பவனியைக் கண்டவர்க்கு முட்டுக்கட்டையின் அருமையை விளக்க வேண்டியதில்லை. அத்துணைப் பெரிய தேரையும் அடக்குவது அச்சிறு மரத்துண்டே.

சில்லு நிலத்தில் ஊன்றியிருக்கும்போதே நட்டுகளை அரைச்சுற்றுத் தளர்த்துதல் வேண்டும். உயர்த்திய பின் பலங்கொண்டு திருப்பினால் வண்டி அசையும். மழையால் இளகிய மண்ணில், ஜெக்கின் அடியில் தடித்த பலகை இடுக. வண்டியின் அடிவிளிம்பில் அதற்கெனக் குறித்த இடத்திலன்றிப் பிறிதிடத்திற் பொருத்தலாகாது. டயர் நிலத்தை விட்டுச் சற்றே எழுந்ததும் நிறுத்திவிடலாம். மாற்றுச் சில்லில் காற்று நிறைந்திருப்பதால், அதற்கு இன்னுஞ் சிறிது உயரம் வேண்டும். மாற்றுச் சில்லைப் பொருத்தும்வரை வண்டியின் அடியிற் படுக்க வைத்தால், ஜெக்கு நழுவினும் வண்டி அதன்மேல் அமரும். வண்டியின் கீழே தலையையோ கையையோ நுழைத்தல் எக்காலத்தும் ஆகாது.

புதிய சில்லின் நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, வண்டியை இறக்கியபின் மீண்டும் ஒருமுறை பலமாக இறுக்குக. மின்சாரம் தடைப்பட்டால் திருகைக் கையாற் சுழற்றும் பிடியும், மின்துவாரத்துக்கு ஏற்ற மாற்று பியூஸும் உடனிருத்தல் நன்று.

பொத்தானை அழுத்துவது ஒரு கணத்து வேலை. அதற்குமுன் செய்யும் ஆயத்தத்திலேயே உயிர்க்காவல் அடங்கியுள்ளது.