பனியன் கம்பெனியில் முதல் நாள் படப்பிடிப்பு

திரைப்பட வரலாற்றின் தொடக்கத்திலேயே ஒரு தொழிற்கூடத்தின் வாசல் இருக்கிறது. 1895-இல் பிரான்சின் லியோன் நகரில் லூமியே சகோதரர்கள், தங்கள் புகைப்படத் தகடு ஆலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியேறுவதைப் படமாக்கி, அவ்வாண்டு டிசம்பர் 28 அன்று பாரிஸில் கட்டணம் செலுத்தி வந்த பார்வையாளருக்குத் திரையிட்டனர். அப்படத்தின் மூன்று வடிவங்கள் இன்று கிடைப்பதால், தொழிலாளர்கள் கேமராவுக்காக அந்த வாசலை மீண்டும் மீண்டும் கடந்திருக்கிறார்கள் என்பது தெளிவாகிறது. ஆலையும் கேமராவும் ஒரே முதலாளியிடம் இருந்ததால் அங்கே அது இயன்றது. திருப்பூரின் பனியன் கம்பெனிக்குள் நுழையும் திரைப்பட மாணவர் குழுவுக்கு அந்த உரிமை கிடையாது.

தமிழ்நாட்டில் திரைப்படக் கல்விக்கு நீண்ட மரபு உண்டு. சென்னை தரமணியில் இன்று எம்.ஜி.ஆர். பெயரில் இயங்கும் அரசுப் பயிற்சி நிறுவனத்தின் வேர் 1945 வரை செல்கிறது; 1986-இல் வெளிவந்த ‘ஊமை விழிகள்’ படத்தை உருவாக்கிய ஆபாவாணனும் அரவிந்தராஜும் திரைப்படக் கல்லூரியில் பயின்றவர்களே. எனினும் வகுப்பறையிலும் படப்பிடிப்புத் தளத்திலும் சொன்னபடி கேட்கும் ஒளியும் ஒலியும் வெளியிடத்தில் அவ்வாறு கேட்பதில்லை என்பதை ஒவ்வொரு புதிய குழுவும் முதல் நாளில்தான் அறிகிறது.

முதலில் ஒளி. தையல் பிரிவுகளில் பவர் டேபிள்களுக்கு மேலே, அதாவது தையல் எந்திரங்கள் வரிசையாகப் பொருத்தப்பட்ட நீண்ட மேசைகளுக்கு மேலே, டியூப்லைட்டுகள் தொங்குகின்றன. இந்தியாவில் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சிகளாக வருவதால், சோக் பொருத்திய டியூப்லைட்டின் ஒளி வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. கண்ணுக்குப் புலப்படாத இந்தத் துடிப்பு படத்தில் பட்டை பட்டையாகத் தெரியக்கூடும். ஒவ்வொரு பிரேமுக்கும் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை வினாடியில் 50-இல் ஒரு பங்காக வைத்தால், இரண்டு துடிப்புகள் முழுமையாக உள்ளடங்கி அக்குறை மறைகிறது. பஞ்சுத் தூசி பறக்கும் இடத்தில் லென்ஸைக் கழற்றி மாட்டுவதையும் தவிர்க்க வேண்டும்.

ஒலிதான் இதைவிடக் கடினம். நிட்டிங் எந்திரங்கள் ஓடும் கூடத்தில் வசனத்தைப் பதிவு செய்தால், சொற்கள் புரியாமல் போவதோடு சிக்கல் முடிவதில்லை. இரண்டு ஷாட்டுகளை ஒட்டும்போது பின்னணி இரைச்சல் இடையில் அறுந்து குதிப்பதால், வெட்டு விழுந்த இடம் காதுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆகவே அனுபவமுள்ளவர்கள் வசனக் காட்சிகளை எந்திரங்கள் நிற்கும் டீ இடைவேளைக்கோ ஞாயிற்றுக்கிழமைக்கோ ஒதுக்கி, எந்திர ஓசையைத் தனியாக ஓரிரு நிமிடங்கள் பதிவு செய்துகொண்டு, படத்தொகுப்பில் அதை எல்லா ஷாட்டுகளுக்கும் அடியில் ஒரே சீராக விரிக்கிறார்கள். அந்தக் கூடத்தின் வெறும் அமைதியையும் யாரும் பேசாமல் பதிவு செய்து வைப்பது அவசியம். ஆளற்ற அறைக்கும் அதற்கே உரிய ஒலி உண்டு.

அடுத்தது கன்டின்யூட்டி எனப்படும் காட்சித் தொடர்ச்சி. கட்டிங் முடிந்து அடுக்கப்பட்ட துணி அரைமணி நேரத்தில் பாதியாகிறது. காலையில் சிவப்பு டீ-ஷர்ட் ஓடிய டேபிளில் பிற்பகலில் நீலம் ஓடுகிறது. அந்த ஆர்டர் முடிந்துவிட்டால் அந்த நிறம் மறுநாள் கம்பெனியிலேயே இருக்காது. எனவே அகன்ற ஷாட்டையும் அதனோடு இணையும் நெருக்க ஷாட்டுகளையும் ஒரே லாட், அதாவது ஒரே தொகுதித் துணி, ஓடும்போதே எடுத்து முடிக்க வேண்டும். இப்படி எடுக்கும் ஷாட்டுகளில் வெளிநாட்டு வாங்குநரின் லேபிளும் இன்னும் சந்தைக்கு வராத வடிவமைப்பும் பதிவாகிவிடக்கூடும் என்ற ஏற்றுமதியாளரின் அச்சம் நியாயமானது; எதைக் காட்டலாம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் பெறுவது இருதரப்புக்கும் பாதுகாப்பு.

இவை அனைத்தும் தொழில்நுட்பத்தாலும் முன்திட்டத்தாலும் தீர்பவை. தீராதது தொழிலாளியின் நேரம். திருப்பூரில் டெய்லர்களில் பெரும்பகுதியினர் பீஸ் ரேட்டில், அதாவது தைத்து முடித்த எண்ணிக்கைக்கேற்ற கூலியில் வேலை செய்பவர்கள். சனிக்கிழமை கைக்கு வரும் வாரச் சம்பளம் அந்த எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒருவர் தோள் மூட்ட, அடுத்தவர் கை வைக்க, கைமடி எனப்படும் உதவியாளர் எடுத்துக் கொடுக்க வேலை நகர்வதால், ‘இன்னொரு டேக்’ என்று ஓர் எந்திரத்தை நிறுத்தினால் அதன் பின்னாலுள்ளவர்களின் கையும் நின்றுவிடுகிறது. அவர்களை விலக்கிவிட்டு நடிகர்களை அமர்த்துவதும் உதவாது: துணியை ஊசிக்கு அடியில் தள்ளிவிடும் விரல்களின் வேகம் சில நாள் பயிற்சியில் வருவதில்லை, திருப்பூர்ப் பார்வையாளர் அதை முதல் ஷாட்டிலேயே கண்டுகொள்வார்.

ஆதலால் படத்தின் பட்ஜெட்டில் கேமரா வாடகைக்கு முன்பாகவே, நிறுத்தப்படும் நேரத்துக்கான பீஸ் ரேட் கூலியை டேபிளில் உள்ள ஒவ்வொருவருக்கும் கணக்கிட்டு மாணவர்கள் எழுத வேண்டும். முகம் பதிவாகிறவரிடம், முதலாளியின் அனுமதி இருந்தாலும், தனியே சம்மதம் கேட்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு ஆசிரியர்களுடையது. படப்பிடிப்புக்குக் கிளம்பும் முன்பே அதைச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும்.