ஓடைக்கு எதுக்கு மருந்து?



நம்ம ஊரில் "அப்பா எங்கே?"ன்னு யாராவது கேட்டால், "தோட்டத்துல மருந்து அடிக்கிறார்"னு சொல்லுவோம். பூச்சிக்கொல்லி என்று யாரும் சொல்வதில்லை. கேரட்டுக்கும் பீன்ஸுக்கும் உருளைக்கிழங்குக்கும் அது மருந்தாகவே இருக்கட்டும். ஆனால் ஓடைக்கு ஒரு நோயும் இல்லையே, அதுக்கு எதுக்கு மருந்து?

நான் பார்த்தது

போன ஐப்பசியில் மருந்து அடிச்சு முடிச்சதும் அப்பா டேங்க்கைக் கழுவிட்டு வரச் சொன்னார். எல்லாரும் செய்யற மாதிரி நானும் ஓடையில் முக்கிக் கழுவினேன். தண்ணி கொஞ்ச நேரம் பால் மாதிரி வெளுத்து ஓடிச்சு. அதோட போயிடுச்சுன்னு நினைச்சேன்.

மறுநாள் காலையில் தம்பி துண்டை எடுத்துக்கிட்டு மீன் பிடிக்கக் கிளம்பினான். நானும் போனேன். நான் கழுவின இடத்துக்குக் கீழே குட்டி மீன்கள் வயிறு தெரிய மல்லாந்து கிடந்தன. ஒரு நண்டு காலை மட்டும் இழுத்து இழுத்து அசைத்தது. கொஞ்சம் மேலே ஏறிப் பார்த்தோம். அங்கே மீன்கள் எப்பவும் போல ஓடிக்கொண்டிருந்தன. தம்பி ஒண்ணும் கேட்கலை. எனக்குத்தான் அன்னைக்குச் சாப்பாடு இறங்கலை.

மருந்து எப்படிக் கொல்லுகிறது?

அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். "முதல்ல நீ அந்த டேங்க்கைத் தொட்டதே தப்பு" என்று திட்டிவிட்டு, பிறகு விளக்கினார்கள்.

நரம்பிலிருந்து தசைக்கு ஒரு வேதிப்பொருள் செய்தி கொண்டு போகிறது. செய்தி சேர்ந்ததும் அந்த வேதிப்பொருளைச் சிதைக்க ஒரு நொதி இருக்கிறது. குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ் போன்ற மருந்துகள் இந்த நொதியை வேலை செய்ய விடாது. அப்புறம் செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். உடம்பு வெட்டி வெட்டி இழுக்கும், கடைசியில் மூச்சு நின்றுவிடும். இந்த நொதி பூச்சிக்கு மட்டும் இல்லை. மீனுக்கும் தவளைக்கும் நமக்கும் இருக்கிறது.

சைபர்மெத்ரின் வேறு வகை. அது மனிதரைவிட மீனுக்குத்தான் ரொம்பக் கொடியது. மீனின் செவுள் வழியாகத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால், கொஞ்சம் கலந்தாலும் உடம்புக்குள் போய்விடும். தலைப்பிரட்டையும் செவுளால்தான் சுவாசிக்கிறது.

ஓடையில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் புழுக்களில் நிறைய பூச்சிகளின் குஞ்சுகள்தான். தட்டான்கூட முதலில் தண்ணீருக்குள் வளர்ந்து, கொசுப் புழுவைத் தின்று பெரிசாகிறது. 'இது கேரட் பூச்சி, இது ஓடைப் பூச்சி' என்று மருந்துக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஓடைப் பூச்சி செத்தால் மீனுக்கு இரை இல்லை. மீன் இல்லாவிட்டால் மீன்கொத்திக்கு இரை இல்லை. கொசுவுக்கு மட்டும் கொண்டாட்டம்!

காசர்கோடு சொல்லும் பாடம்

கேரளாவின் காசர்கோடு மாவட்டத்தில் அரசு தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்கள் குன்றுகளின் மேல் இருக்கின்றன. வீடுகளும் ஓடைகளும் கீழே. அங்கே 2000-ஆம் ஆண்டு வரை சுமார் இருபது வருஷம் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். மீனும் தவளையும் தேனீயும் செத்ததை ஊர் மக்கள் பார்த்தார்கள். மனிதர்களுக்கும் நோய்கள் வந்தன, பிள்ளைகள் ஊனத்துடன் பிறந்தார்கள். 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் எண்டோசல்பானுக்குத் தடை போட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் வீதம் கொடுக்க 2017-ல் உத்தரவிட்டது. ஆனால் போன உடம்பு பணத்தால் திரும்புமா?

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம்ம கொடைக்கானலில் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. அங்கே பூச்சிமருந்து இல்லை, பாதரசம். பிறகு விஞ்ஞானிகள் சோதித்தபோது ஏரி மீன்களிலும் பாதரசம் இருந்தது. அந்த ஏரி வழிந்து வரும் தண்ணிதான் வெள்ளி அருவியாக 180 அடி கீழே விழுகிறது. மலையில் மேலே போடுவது எதுவும் மேலேயே இருக்காது. நம்ம தோட்டங்கள் படிக்கட்டு மாதிரி சரிவில் இருக்கின்றன. மருந்து அடித்த பிறகு ஒரு மழை பெய்தால் போதும், மண்ணோடு சேர்ந்து ஓடைக்கு வந்துவிடும்.

உங்களுக்குத் தெரியுமா?

மருந்து டப்பாவில் ஒரு முக்கோணம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். அடுத்தது மஞ்சள், பிறகு நீலம். பச்சை என்றால் விஷம் குறைவு. ஆனால் இந்த நிறத்தை எலி போன்ற விலங்குகளில் சோதித்துத்தான் முடிவு செய்கிறார்கள். மீனை வைத்து இல்லை. அதனால் பச்சை முக்கோணம் என்றாலும் ஓடையில் ஊற்றக் கூடாது.

நாம் என்ன செய்யலாம்?

மருந்தே அடிக்காதீங்கன்னு நான் சொல்ல வரவில்லை. என் நோட்டு வாங்குற காசும் அந்தக் கேரட்டில் இருந்துதான் வருது. பெரியவர்களிடம் நாம் சொல்லக்கூடியது இவ்வளவுதான்:

1. டேங்க்கை ஓடையில் கழுவ வேண்டாம். தோட்டத்திலேயே மூன்று தடவை அலசி, அந்தத் தண்ணியைப் பயிர் மேலேயே அடித்துவிடலாம்.
2. மழை மேகம் இருக்கும்போது அடிக்க வேண்டாம். மருந்தும் வீண், காசும் வீண்.
3. ஓடைக் கரையில் கொஞ்ச இடம் புல்லுக்கு விட்டால், அது மண்ணையும் மருந்தையும் தடுக்கும்.
4. காலி டப்பாவை ஓடையில் எறிய வேண்டாம். அதில் தண்ணி பிடிக்கவே கூடாது.
5. மஞ்சள் ஒட்டுப்பொறி, வேப்பங்கொட்டைக் கரைசல் இவற்றை முதலில் முயற்சி செய்யலாம். அந்தக் கரைசலையும் ஓடையில் கொட்டக் கூடாது.

அப்பாவிடம் முதலில் சொன்னபோது, "எல்லாரும் அங்கதானே கழுவுறாங்க"ன்னார். தம்பி போய் செத்த மீனைப் பற்றிச் சொன்னான். அப்பா ஒண்ணும் பேசலை. அடுத்த தடவை டேங்க்கை அவரே தோட்டத்திலேயே அலசினார். எங்க வீட்டில் ஒரு டேங்க் நின்றுவிட்டது. உங்க வீட்டில்?

மீனுக்கு வாய் இருந்தும் பேச்சு இல்லை. அதற்காக நாம் பேசுவோம்!

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
செண்பகனூர்