பழைய மோட்டார் வண்டியை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கார். ஓடிய தூரம் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. பட்டறைக்காரர் நாற்பதாயிரம் ரூபாய்க்குப் பழுதுப் பட்டியல் ஒன்றைக் கொடுக்கிறார். வண்டியை விற்கப் போனாலோ எழுபதாயிரத்துக்கு மேல் கேட்பாரில்லை. இந்நிலையில் பழுது பார்ப்பதா, விற்றுவிட்டுக் கடன் வாங்கிப் புதிது வாங்குவதா என்னும் கேள்வி நம் அங்கத்தினர் குடும்பங்கள் பலவற்றில் எழுகிறது. இது அற்பமான கேள்வியன்று. ஒரு புறம் குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பு. மறு புறம் வண்டியில் ஏறுவோரின் உயிர். ஆகவே பட்டறை வாசலில் நின்றுகொண்டு அவசரத்தில் முடிவு செய்யாமல், வீட்டில் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்து முடிவு செய்வதே முறையாகும். அம்முறையை இங்கே விளக்குவோம்.

வயதும் தூரமும்

தெப்பக்காட்டு யானை முகாமை நீலகிரியில் அறியாதார் இரார். அம்முகாமின் யானைகளுக்கு 58 வயதளவில் பணியிலிருந்து ஓய்வு அளிப்பது வழக்கம். ஓய்வு பெற்ற பின்னும் அவற்றுக்கு உணவும் மருத்துவமும் தவறாமல் கிடைக்கின்றன. மோட்டார் வண்டிக்கு இவ்வாறு ஒரு வயதைக் குறித்துவிட இயலாது. அமெரிக்காவில் நியூயார்க்குக்கு அருகில் வாழ்ந்த ஆசிரியர் இர்வ் கார்டன் 1966இல் ஒரு வால்வோ கார் வாங்கினார். 2013இல் அதே கார் முப்பது லட்சம் மைல், அதாவது சுமார் 48 லட்சம் கிலோமீட்டர் ஓடி முடித்தது. எண்ணெய் மாற்ற வேண்டிய நாளில் மாற்றியும், தேய்ந்த பாகத்தைத் தேய்ந்த அன்றே நீக்கியும், யந்திரத்தைத் தக்க காலத்தில் பிரித்துச் செப்பனிட்டும் அவர் இதனைச் சாதித்தார். கவனிப்பின்றி விடப்பட்ட வண்டியோ ஒரு லட்சம் கிலோமீட்டரிலேயே நலிந்துவிடுவதுண்டு.

மேலும், தூரம் காட்டும் மீட்டர் மலைநாட்டில் முழு உண்மையைச் சொல்வதில்லை. மைசூரிலிருந்து வரும் சாலை தெப்பக்காட்டில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கூடலூர் வழியாகச் சுமார் 67 கிலோமீட்டர் சுற்றி உதகையை அடைகிறது. மற்றொன்று மசினகுடி, கல்லட்டி வழியாகச் சுமார் 36 கிலோமீட்டரில் அடைகிறது. ஆனால் கல்லட்டி ஏற்றத்தில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அங்கே வண்டி முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமே ஏற வேண்டும். கியர் குறைந்தால், ஒரே தூரத்துக்கு யந்திரம் சுற்றும் சுற்றுகள் மிகுதி. ஆகவே மலையில் ஓடிய ஒரு லட்சம், சமவெளியில் ஓடிய ஒரு லட்சத்துக்கு ஈடாகாது. கிளட்சும் பிரேக்கும் யந்திரமும் கூடுதலாகவே தேய்ந்திருக்கும். எனவே மீட்டரை மட்டும் பார்த்து விற்பதும் தவறு, வைத்துக்கொள்வதும் தவறு. பின்வரும் மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேட்க வேண்டும்.

முதற்கேள்வி: உயிருக்குப் பாதுகாப்பானதா?

நெசவாள அங்கத்தினர் இதனை எளிதில் உணர்வர். நாடா தேய்ந்தால் நாடாவை மாற்றுகிறோம். அச்சுப் பழுதானால் அச்சை மாற்றுகிறோம். அதற்காக யாரும் தறியை விற்பதில்லை. ஆனால் தறியின் சட்டமே உளுத்துப்போனால், புது நாடா போட்டு என்ன பயன்? வண்டியிலும் அவ்வாறே. கிளட்சு, ரேடியேட்டர், பாட்டரி, டயர் ஆகியவை நாடாவைப் போன்றவை, மாற்றத் தக்கவை. அடிச்சட்டமோ தறிச்சட்டத்தைப் போன்றது.

பழைய ஜீப்புகளில் அடிச்சட்டம் தனியாக இருப்பதால், துருவைச் சுரண்டி வெல்டிங் செய்ய ஓரளவு இடமுண்டு. இக்காலத்துக் கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடற்கூடே சட்டம். சக்கரத்தைத் தாங்கும் பாகங்கள் உடலோடு இணையும் இடங்களில் துரு துளைத்திருந்தால், அவ்வண்டிக்கு மேற்கொண்டு செலவு செய்யலாகாது. கூடலூர்ப் பக்கத்துத் தென்மேற்குப் பருவமழையில் நனைந்து நின்ற வண்டிகளில் இது முக்கியமாகக் கவனிக்கத் தக்கது. வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் விளக்குப் பிடித்துப் பார்க்காமல் எவரும் முடிவுக்கு வர வேண்டாம்.

அடுத்தது பிரேக். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஈரம் சேரச் சேர அது குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாது மிதித்தால், சூடேறி எண்ணெயில் ஆவிக் குமிழிகள் தோன்றும். கட்டை தரையைத் தொடும், வண்டி நில்லாது. ஆகவே எண்ணெயை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றுவதும், ஏறிய கியரிலேயே இறங்குவதும் அவசியம். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படியும் அந்த டயர் ஆகாது.

புது வண்டிக்கு இவ்விஷயத்தில் ஒரு மேன்மை உண்டு. 2019 ஏப்ரல் முதல் புதுக் கார்களில், சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குவதைத் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்புக் கட்டாயமாயிற்று. பின்னர் முன்னிருக்கை இரண்டுக்கும் காற்றுப்பைகள் கட்டாயமாயின. பிள்ளைகளையும் முதியோரையும் ஏற்றிக்கொண்டு நாள்தோறும் மலையேறி இறங்கும் குடும்பத்துக்கு இது சிறு விஷயமன்று.

இரண்டாம் கேள்வி: வழியில் நிற்குமா?

உதகைக் கடைவீதியில் வண்டி நின்றால் அரை நாள் வீண், அவ்வளவே. தெப்பக்காட்டைச் சுற்றியுள்ள காட்டுச் சாலையில் நின்றால் நிலைமை வேறு. 1940இல் சரணாலயமாகி, 2007இல் புலிகள் காப்பகமான முதுமலைக்குள் வண்டியை நிறுத்துவதோ இறங்குவதோ கூடாது. யானையும் காட்டெருதும் சாலையைக் கடக்கும். பட்டறை வேண்டுமானால் மசினகுடிக்கோ, சுமார் 18 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கூடலூருக்கோ ஆள் போக வேண்டும். தெப்பக்காட்டிலிருந்து பந்திப்பூர் வழியாக மைசூர் செல்லும் சாலை, சில விதிவிலக்குகள் நீங்கலாக, இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படுகிறது. மாலையில் பழுதாகும் வண்டியின் கதியை இதிலிருந்து உணரலாம். தேயிலை விவசாயிக்கு வேறொரு நஷ்டமும் உண்டு. பறித்த பசுந்தழை அன்றே ஆலைக்குச் சேராவிடில், குவியலில் சூடேறித் தரம் கெடும்.

ஆகவே சென்ற ஓராண்டில் வண்டி எத்தனை முறை வழியில் நின்றது என்று எழுதிப் பாருங்கள். ஒரே காரணத்தால் நின்றிருந்தால், அக்காரணத்தை நீக்கினால் போதும். ரப்பர்க் குழாய்களும் டைமிங் பெல்ட்டும் தூரத்தால் மட்டுமன்றி வயதாலும் கெடுபவை. அவற்றைக் காலம் பார்த்து மாற்றினாலே பல வண்டிகள் மறுவாழ்வு பெறும். அண்மை ஆண்டுகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வந்துவிட்டதால், பழைய வண்டிகளின் எரிபொருட் குழாய்களையும் ரப்பர் வளையங்களையும் ஒரு முறை பார்த்து மாற்றிக்கொள்வது நலம். மாறாக, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு காரணத்தால் நின்றிருந்தால், வண்டி எங்கும் ஒருங்கே நலிகிறது என்று பொருள். அதனை விட்டுவிடுவதே நன்று.

மூன்றாம் கேள்வி: கணக்கு என்ன சொல்கிறது?

இங்கேதான் பலரும் தடுமாறுகின்றனர். “வண்டியின் விலையே எழுபதாயிரம்; அதற்கு நாற்பதாயிரம் செலவா?” என்று கேட்கின்றனர். இவ்வொப்பீடு பொருந்தாது. பழுதுச் செலவைப் பழைய வண்டியின் விலையோடு ஒப்பிடலாகாது. புது வண்டி ஓராண்டில் விழுங்கும் பணத்தோடு ஒப்பிட வேண்டும்.

ஓர் உதாரணம் காண்போம். எட்டு லட்சம் ரூபாய்க்குப் புதுக் கார் வாங்குகிறோம். அதில் ஆறு லட்சம் கடன். வட்டி 9 சதவீதம். தவணைக் காலம் ஐந்தாண்டு. காப்புறுதிக் கணக்கில் வழங்கும் தேய்மான அட்டவணைப்படி, ஐந்தாண்டு முடிவில் வண்டியின் மதிப்பு பாதியாகக் குறைகிறது. நான்கு லட்சம் ரூபாய் தேய்மானம் என்றால், ஆண்டுக்கு 80,000. கடனுக்கு மாதத் தவணை சுமார் 12,455 ரூபாய். ஐந்தாண்டில் செலுத்தும் வட்டி மட்டும் சுமார் 1,47,000. ஆண்டுக்கு ஏறத்தாழ 29,000. பராமரிப்பு 8,000 என்று கொள்வோம். ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டி, லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கிடைத்தால், பெட்ரோல் 500 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என வைத்தால் 50,000. ஆக மொத்தம் ஆண்டுக்கு 1,67,000 ரூபாய்.

பழைய வண்டி லிட்டருக்கு 11 கிலோமீட்டரே கொடுக்கிறது என்றாலும், பெட்ரோல் செலவு சுமார் 72,700. மிச்சம் 94,000 ரூபாய்க்கு மேல். அதாவது, பழுதுச் செலவு ஆண்டுக்கு 94,000 ரூபாயைத் தொடும் வரையில், பணக் கணக்கில் பழைய வண்டியே லாபம். நாற்பதாயிரம் ரூபாய்ப் பழுது இப்போது அவ்வளவு பெரிதாகத் தோன்றாது. இவ்வெண்கள் உதாரணத்துக்கே, ஒவ்வொருவரும் தம் சொந்த எண்களை இட்டுப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவர்க்குப் பெட்ரோல் மிச்சமே பெருந்தொகையாகிவிடும். அவர் கணக்கு வேறாகும்.

இன்னொன்றும் மறக்கலாகாது. “சென்ற ஆண்டுதான் யந்திரத்துக்கு அறுபதாயிரம் போட்டேன், எப்படி விற்பது?” என்பர் சிலர். போட்ட பணம் போட்டதுதான். விற்றாலும் வைத்துக்கொண்டாலும் அது திரும்பி வராது. இனி வரும் செலவை மட்டுமே கணக்கில் சேர்க்க வேண்டும்.

சட்டம் கூறுவது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பின், வண்டியை ஆய்வுக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். பதினைந்து ஆண்டானதும் வண்டியை ஒழித்துவிட வேண்டும் என்று பலர் அஞ்சுகின்றனர். அத்தகைய தடை தில்லிப் பகுதி பற்றிய உத்தரவுகளால் எழுந்தது, தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் செலவு உயர்ந்துள்ளது. காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாயிற்று. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டு அறிவிப்பின்படி 10,000 ரூபாய். பசுமை வரி தனி. பதிவு முடியும் நாளுக்கு முந்திய 60 நாட்களுக்குள் படிவம் 25இல் விண்ணப்பிக்கலாம். பதிவு தீர்ந்த வண்டியைச் சாலையில் ஓட்டுவது குற்றம். விபத்து நேர்ந்தால் காப்புறுதிப் பணத்துக்கும் இடையூறு வரும்.

விற்பவர்கள் ஒன்றில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பதிவுப் புத்தகத்தில் வாங்கியவர் பெயர் ஏறும் வரையில், விபத்து நஷ்ட ஈட்டுக்குப் பழைய சொந்தக்காரரே பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்துள்ளது. வெறுங் கையொப்பப் படிவத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை அனுப்பிவிடுவது ஆபத்து. விற்க முடியாத நிலையிலுள்ள வண்டியைப் பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் பெற்றால், அதே வகைப் புது வண்டிக்கான வரியில் சலுகை பெற 2021ஆம் ஆண்டு விதிகள் வழி செய்துள்ளன. “யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்” என்பார்கள். மோட்டார் வண்டி அவ்வாறன்று. விற்கத் தவறிய ஒவ்வோர் ஆண்டும் அதன் விலை இறங்கும்.

நடுவழியும் நிதியும்

பழையதா புதியதா என்னும் இரண்டோடு வழி முடிந்துவிடவில்லை. ஐந்தாறு ஆண்டு ஓடிய, நன்கு பராமரிக்கப்பட்ட வண்டியை வாங்குவது மூன்றாம் வழி. முதல் ஐந்தாண்டின் பெருந்தேய்மானத்தை முந்திய சொந்தக்காரர் ஏற்றுவிடுகிறார். ஏபிஎஸ் போன்ற பாதுகாப்பு நமக்குக் கிடைக்கிறது. ஆனால் பராமரிப்புக் குறிப்பேட்டையும் அடிப்பாகத்தையும் பாராமல் வாங்கலாகாது.

பழையதையே வைத்துக்கொள்ளத் தீர்மானித்தவர்கள், மிச்சமாகும் பணத்தை வேறு செலவில் கரைத்துவிடலாகாது. நம் சங்கங்களின் கணக்கில் தேய்மான நிதி என ஒரு தலைப்பு உண்டு. குடும்பக் கணக்கிலும் அவ்வாறே ஒன்றைத் தொடங்குவோம். புது வண்டித் தவணை 12,000 என்றால், அதில் 5,000 ரூபாயையேனும் மாதந்தோறும் சங்கத்தில் வைப்புப் போட்டு வந்தால், நான்கு ஆண்டுகளில் வட்டி நீங்கலாக 2,40,000 ரூபாய் சேரும். பின்னர் வண்டி மாற்ற நேரும்போது கடன் சிறிதாகும், கவலையும் சிறிதாகும்.

சுருங்கக் கூறின், சட்டம் துருப்பிடித்திருந்தால் கணக்கே பாராமல் விட்டுவிடுக. அடிக்கடி காட்டு வழியில் நின்றால் காரணத்தைத் தேடுக. காரணம் ஒன்றாயின் நீக்குக, பலவாயின் மாற்றுக. இவ்விரண்டிலும் தேறிய வண்டியைக் கணக்கு அனுமதிக்கும் வரை நன்கு பேணி ஓட்டுக. பருவமழை தொடங்குமுன் ஆண்டுதோறும் ஒரு நாள் ஒதுக்கி இம்மூன்று கேள்விகளையும் கேட்டுக்கொள்ளும் அங்கத்தினர், அவசரத்தால் வரும் நஷ்டத்துக்கு ஆளாக மாட்டார்.